தோண்டப்படாத கரி

நிலக்கரியை நம்பி வாழ்ந்த வட்டாரங்களின் வரலாற்றில் செருமனியின் ரூர் பள்ளத்தாக்கு முதலிடம் பெறும். 1958இல் மலிவான எண்ணெயும் இறக்குமதிக் கரியும் அங்கே புகுந்தன; அன்று தொடங்கிய சரிவு 2018 திசம்பரில் பாட்ராப் நகரின் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டதுடன் நிறைவெய்தியது. அறுபது ஆண்டுகள் நீண்ட அச்சரிவில் தொழிலாளர்க்குச் சங்கம் இருந்தது, ஓய்வூதியம் இருந்தது, அரசின் மானியமும் இருந்தது. சுரங்கமே தோண்டப்படாத ஒரு மண் கரியின் விலைக்குக் கட்டுண்டு கிடந்தால் அதற்கு என்ன கிடைக்கும்? இவ்வினாவுக்கு விடை அரியலூர் மாவட்டத்துச் செயங்கொண்டம் வட்டாரத்தில் உண்டு.

நெய்வேலியில் 1957இல் அகழ்வு தொடங்கி, 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அத்தகைய படுகை கொள்ளிடத்துக்கு வடக்கே, செயங்கொண்டத்து முந்திரிக் காடுகளின் அடியிலும் பரந்து கிடப்பது நிலவியலார் ஆய்வில் தெரியவந்தது. பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். தொலைவுக்கு ஏற்றிச் சென்றால் தண்ணீருக்கும் சேர்த்தே வண்டிக் கூலி கொடுக்க நேரும். ஆதலால் சுரங்கத்தின் வாயிலிலேயே மின்நிலையம் அமைய வேண்டும். மேல்மண் முழுவதையும் அகற்ற வேண்டும்; அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நீரை இடையறாது இறைக்கவும் வேண்டும். முதல் கூடைக் கரி வெளிவருமுன்னரே பரந்த நிலப்பரப்பு கைக்கு வந்தாக வேண்டும் என்பதே இவற்றுள் தலையாய நிபந்தனை.

நிலம் அவ்வாறே எடுக்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்தின் அனல்மின் திட்டத்திற்கென 13 ஊர்களில் 8,000 ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தப்பட்டது. அப்போது அவ்வூர்கள் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்தது. 2007இல் மறுபடியும் பிரிந்தது. இழப்பீட்டு வழக்குகள் முடியுமுன் வயலின் மாவட்டப் பெயர் மும்முறை மாறிற்று. அவ்வழக்குகளின் பெருக்கத்தால் சிறப்பு நீதிமன்றங்களே அமைக்க வேண்டியதாயிற்று.

சுரங்கமோ வரவில்லை. உழவர் பலர் முன்போலவே முந்திரி பறித்தனர், புன்செய் உழுதனர். எனினும் பத்திரத்தில் நிலம் அவர்களுடையதன்று. மகள் திருமணத்துக்கு ஒரு காணியை விற்கவோ, கிணறு ஆழப்படுத்த அடகு வைத்துக் கடன் பெறவோ வழியில்லை.

இதனிடையே அதே மாவட்டத்தின் சிமெண்டு ஆலைகள் கரியை நாள்தோறும் எரித்துக்கொண்டிருந்தன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்த நிலமாதலின் அரியலூர் சுண்ணாம்புக்கல் மிக்கது. 1979இல் அரசு ஆலையும், பின்னர்த் தனியார் ஆலைகள் பலவும் எழுந்தன. சூளைக்கு ஏறத்தாழ 1,450 பாகை வெப்பம் வேண்டும். அதற்கான கரியில் ஒரு பகுதி, 2009இல் திறக்கப்பட்ட காரைக்கால் துறைமுகம் வழியே கடல் கடந்து வந்தது. 2011இல் டன்னுக்கு 120 டாலரைத் தாண்டி நின்ற ஆத்திரேலியக் கரி 2016 தொடக்கத்தில் 50 டாலர் அளவுக்கு இறங்கிற்று. இவ்வீழ்ச்சி சூளைக்கு ஆதாயம். சில கல் தொலைவில் மண்ணுள் கிடந்த கரிக்கோ அது மதிப்பிழப்பு. ஒரே மாவட்டத்துக்குள் ஒரே விலை இரு முகங்காட்டியது. 2017 மே மாதம் இராசத்தானத்துப் பட்லாவில் சூரிய மின்சாரம் அலகுக்கு 2 ரூபாய் 44 காசு என ஏலம் போனபின், புதிதாகப் பள்ளம் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்கான கணக்கு மேலும் இடறியது.

ஆயினும் விலைவீழ்ச்சி ஒன்றே திட்டத்தை வீழ்த்தியது என்பது மிகை. இழப்பீட்டுச் சுமையும் உழவரின் எதிர்ப்பும் அதனினும் வலியவை. இதற்குக் காலமே சான்று: உக்ரைன் போரால் கரியின் விலை டன்னுக்கு 400 டாலரைக் கடந்த அதே 2022இல்தான் செயங்கொண்டம் நிலங்களை உரியவர்க்கே திருப்பித் தரத் தமிழ்நாடு அரசு முடிவு செய்தது. கரி பொன்னாய் விற்ற ஆண்டில் கரிநிலம் உழவரிடம் மீண்டது. ரூர் தொழிலாளிக்கு வாய்த்த ஓய்வூதியம் இவர்க்கு இல்லை. கால் நூற்றாண்டாய் விற்கவும் அடகு வைக்கவும் இயலாதிருந்தமைக்கு எந்தக் கணக்கிலும் ஈடு எழுதப்படவில்லை.

மறு ஆண்டே, 2023இல், ஒன்றிய அரசின் சுரங்க ஏலப் பட்டியலில் கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பு கிழக்கு, தஞ்சை மாவட்டத்து வடசேரி ஆகியவற்றோடு, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும் இடம்பெற்றது. ஏப்ரலில் எழுந்த எதிர்ப்பின்பின் சில நாள்களிலேயே மூன்றும் நீக்கப்பட்டன. படுகை மட்டும் முந்திரி வேர்களுக்குக் கீழே இருந்தபடியே இருக்கிறது.