முறியாத முட்டு

சேவூர்ப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் மேல்மண்ணைத் தாண்டினால் பாறையைத் தொட்டுவிடுவார்கள்; பாறை தானாகவே நிற்கும். சிங்கப்பூர் நிக்கல் ஹைவே ஓரம் மெட்ரோவுக்காகத் தோண்டியவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே கிடந்தது கொழகொழத்த கடல் களிமண். அதில் 33 மீட்டர் இறங்க வேண்டும். இருபுறமும் கான்கிரீட் சுவர், சுவரை ஒட்டிப் படுத்த இரும்பு உத்திரம், உத்திரத்துக்கு உத்திரம் குறுக்கே அடுக்கடுக்காக இரும்பு முட்டுகள். பொறியாளர்கள் ஸ்ட்ரட் என்பார்கள். ஒன்பதாம் அடுக்கு முட்டின் பயணம்தான் இது.

குழிக்கு வருமுன் அது கணக்கில் இருந்தது. அங்கேயே கோளாறு தொடங்கிவிட்டது. களிமண்ணுக்கு இல்லாத வலுவைக் கொடுக்கும் முறையில் கணக்கிட்டதால், சுவர் வளைவது குறைவாகவே தெரிந்தது. முட்டும் உத்திரமும் சேரும் இணைப்பைத் தனியாகக் கணக்கிட்டதிலும் பிழை. தேவையான வலுவில் ஏறக்குறைய பாதிதான் அதற்கு இருந்தது. பிறகு பலப்படுத்தும் தகடுகளுக்குப் பதில் சி-சேனல் வைத்தார்கள். பாரம் எல்லை மீறியதும் அந்த இணைப்பு தாக்குப்பிடிக்காமல் சட்டென்று துவண்டது.

2004 ஏப்ரல் 20. காலையிலேயே இரும்பு நெளிகிற சத்தம் கேட்டது. பிற்பகல் 3.30 வாக்கில் ஒன்பதாம் அடுக்கு விட்டுக்கொடுக்க, அதன் பாரம் எட்டாம் அடுக்கின் மேல் ஏற, எல்லாம் சரிந்தன. நான்கு பேர் இறந்தார்கள்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது பாதுகாப்புக் கணக்கு. மண்ணின் வலுவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய், எப்போது சரிகிறது என்று கணினியில் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் முட்டையும் சுவரையும் வெறும் மீள்தன்மைப் பொருளாக விட்டுவிட்டால், மண் எவ்வளவு பலவீனமானாலும் அவை தாங்கிக்கொண்டே இருக்கும். திரையில் முட்டு ஒருபோதும் முறியாது. பாதுகாப்புக் காரணி கொழுத்துத் தெரியும். சுவருக்கு அது தாங்கும் வளைவுத் திருப்புத்திறனையும், முட்டுக்கு அது தாங்கும் அழுத்தத்தையும் எல்லையாகக் கொடுத்தே ஆக வேண்டும். இணைப்பு முட்டைவிடப் பலவீனமென்றால், அதன் எல்லைதான் முட்டின் எல்லை.

விசாரணைக் குழு 2005-இல் அறிக்கை தந்தது. அங்கே வரவிருந்த மெட்ரோ நிலையத்தை வேறிடத்துக்கு மாற்றி 2010-இல் திறந்தார்கள். சிங்கப்பூர் மெட்ரோவின் வடிவமைப்பு விதிகளில் இன்னொரு சோதனையும் உண்டு: ஏதாவது ஒரு முட்டைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டு, மீதமுள்ளவை குழியைத் தாங்குகின்றனவா என்று பார்ப்பது.