‘பாசி’ என்னும் பெயரும் ஆர்த்தோனியேல்ஸ் துறையின் வகைப்பாட்டு வரலாறும்

தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளம் போன்ற கடலோர ஊர்களில் ‘பாசி’ என்னும் சொல் கடலில் வளர்வதையும் குளத்தில் படர்வதையும் குறிக்கும்; சமையலறையில் அதுவே கல்பாசியாகும். முன்னவை பாசியினம்; கல்பாசியோ பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் லைக்கன். இவ்வழக்கை அறியாமை என்று ஒதுக்குதல் பொருந்தாது. 1753இல் லின்னேயசும் லைக்கன்களை ஒரே பேரினமாக்கிப் பாசிகளோடுதான் வைத்தார். அவ்வகைப்பாடு மாறிய விதத்தை, தென்னிந்தியக் கடலோர மரங்களில் வளரும் ரோக்கெல்லா மான்டாக்னி என்னும் லைக்கனைக் கொண்டு அறியலாம். இன்று அது ஆர்த்தோனியேல்ஸ் துறையைச் சேர்ந்தது.

ரோக்கெல்லா, மரப்பட்டையிலிருந்து சாம்பல் நிற நாடாக்களாகக் கிளைத்துத் தொங்குவது. அம்மோனியாவில் ஊறவைத்தால் ஊதாச் சாயம் தரும். அக்காலத்தில் பழைய சிறுநீரே அம்மோனியாவுக்கு மூலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்தும் ரோக்கெல்லா ஐரோப்பியச் சாயப்பட்டறைகளுக்குச் சென்றது. 1805இல் டி கண்டோல் இதைத் தனிப் பேரினமாக்கினார். புதுச்சேரியில் தாவரவியல் தோட்டம் அமைக்க அனுப்பப்பட்ட பெலாஞ்சே, 1825–1829 பயணத்தைப் பற்றிய தம் நூலில் இந்தியச் சிற்றினத்தை விவரித்து, பிரெஞ்சு அறிஞர் மான்டாக்னின் பெயரைச் சூட்டினார்.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டுடல் என 1860களின் இறுதியில் ஷ்வெண்டனர் நிறுவ முற்பட்டபோது, லைக்கன் அறிஞர்களே அதைக் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்பு அடங்கிய பின்னரும் பழைய பிரிவினை நீடித்தது. 1922 முதல் வெளிவந்த சால்புருக்னரின் பெரும் பட்டியல் லைக்கன்களுக்கு மட்டுமே உரியது. அவரது முறையில் கிளைத்த ரோக்கெல்லா வகைகள் ஒரு குடும்பம். பட்டையோடு ஒட்டிய மேலோட்டு வகையான டிரினா வேறொரு குடும்பம். வளர்தோற்றமே அளவுகோலாயிற்று. சாய வணிகரின் கண்ணும் இதற்கு வெகுதொலைவில் இல்லை எனலாம்.

வித்துப்பையின் சுவரும் கனியுடலின் வளர்ச்சியும் அளவுகோல்களானபோது பூஞ்சையே முதன்மை பெற்றது. ஹென்சன் வழங்கிய ஆர்த்தோனியேல்ஸ் என்னும் துறைப்பெயரை 1986இல் ஹாக்ஸ்வொர்த்தும் எரிக்சனும் விதிப்படி நிலைநிறுத்தினர். 1997இல் ஆர்த்தோனியோமைசீட்ஸ் என்னும் தனி வகுப்பும் அமைந்தது. ஆயினும் வளர்தோற்றத்தின் அதிகாரத்தை உண்மையில் அசைத்தது மரபணு ஆய்வே. ரோக்கெல்லா குடும்பத்தில் வளர்தோற்றங்கள் இணைநிலையில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோன்றியுள்ளன என 2007இல் டேலரும் இரெஸ்டெட்டும் காட்டினர். இன்று ரோக்கெல்லா பேரினத்துக்குள்ளேயே மேலோட்டுச் சிற்றினங்களும் உண்டு.

வேதியியலில் இந்திய ஆய்வு முன்னதாகவே தொடங்கியது. குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, வால்டேர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சுப்பாராவுடன் இணைந்து 1940இல் ரோக்கெல்லா மான்டாக்னியின் வேதிக்கூறுகளை வெளியிட்டார். பின்னர் இதிலிருந்து பிரித்தெடுத்த மான்டாக்னெட்டால் என்னும் சேர்மம் சிற்றினத்தின் பெயரையே தாங்கியது.

கலைச்சொல்லாக்கத்தில் இவ்வரலாறு ஒரு சிக்கலை எழுப்புகிறது. பெயரிடல் விதிப்படி லைக்கனுக்குச் சூட்டும் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கே உரியது. ‘மரப்பாசி’ என்று ரோக்கெல்லாவைக் குறித்தால், பெயர் கூட்டாளியான பாசிக்குப் போய்விடும். ‘லைக்கன்’ என்னும் ஒலிபெயர்ப்பே அந்த வகையில் தவறற்றது. ரோக்கெல்லாவினுள் வாழும் பாசி டிரென்டிபோலியா இனத்தது. அவ்வினப் பாசிகள் ஈரமான மரப்பட்டைகளில் ஆரஞ்சு நிறப் படலமாகத் தனித்தும் வளர்கின்றன. மரப்பாசி என்னும் பெயர் அவற்றுக்கே பொருந்தும்.