ஊராட்சித் தலைமையும் மனித உரிமையும்: கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பட்டியல் சாதியினருக்கு ஊராட்சித் தலைவர் பதவியை ஒதுக்கிய சட்டம், அப்பதவிக்குரிய அதிகாரத்தையும் அவர்களிடம் சேர்த்ததா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. 2020ஆம் ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் நிகழ்ந்த கொடியேற்ற மறுப்பைத் தமிழக உள்ளாட்சி வரலாற்றின் பின்னணியில் வைத்து ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஊராட்சி, இடஒதுக்கீடு, தீண்டாமை, கும்மிடிப்பூண்டி, மனித உரிமை.

முன்னுரை

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்தது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழில் வளாகமும் தேசிய நெடுஞ்சாலையும் இப்பகுதியின் முகத்தை மாற்றின. தொழில் வளர்ந்தால் சாதிப் பிடி தளரும் என்பது நவீனத்துவம் பற்றிய பொதுவான எதிர்பார்ப்பு. ஆலைக் கூலி நிலவுடைமையைச் சார்ந்திருக்கும் நிலையைக் குறைக்கக்கூடும். ஆயினும் ஊர்ப் பொது இடத்தின் மீதான உரிமையைத் தானே பெற்றுத் தருவதில்லை. ஆத்துப்பாக்கம் இதற்குச் சான்றாகிறது.

பொது இடத்திலிருந்து பொதுப் பதவிக்கு

பொதுச் சாலை, கிணறு, கட்டடம் ஆகியவற்றை எல்லாரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். இன்றைய திருவள்ளூர் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதி. 1997இல்தான் தனி மாவட்டமானது. அத்தீர்மானம் கோரியது பொது இடத்தில் நடமாடும் உரிமை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அடுத்த படியை எட்டியது. அதன் 243டி பிரிவு, மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்குத் தலைவர் பதவிகளை ஒதுக்கியது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 அதனை மாநிலத்தில் செயற்படுத்தியது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐவரும் 1997 சூன் 30 அன்று கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தேர்தல் நடத்த முடியாமலும், வென்றவர் உடனே பதவி விலகியும் பத்தாண்டுகள் கழிந்தன; 2006இல்தான் அங்கு முறையான தேர்தல் நடந்தேறியது. தேர்தலையே தடுப்பது எதிர்ப்பின் முதற்கட்டம் எனில், தேர்ந்தெடுக்கப்பட்டவரைச் செயற்படவிடாமல் தடுப்பது அதன் இரண்டாம் கட்டம்.

ஆத்துப்பாக்க நிகழ்வு

2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியதால், மூன்றாண்டுகளுக்கு மேல் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. பின்னர் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் வாக்குப்பதிவு நடந்தது. பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்த முதல் ஊராட்சித் தேர்தல் அது. அதில் ஆத்துப்பாக்கத்தின் தலைவராகத் தேர்வானவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த அமிர்தம்.

2020 ஆகஸ்டு 15 அன்று அவர் தேசியக் கொடியேற்ற இயலாது தடுக்கப்பட்டார். குடியரசு நாளிலும் தமக்கு அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டதாக அவர் கூறியதை நாளிதழ்கள் பதிவு செய்தன. செய்தி பரவியபின் மாவட்ட நிருவாகம் தலையிட்டது. ஆகஸ்டு 20 அன்று மாவட்ட ஆட்சியர் மகேஸ்வரி ரவிக்குமார் முன்னிலையில், காவல்துறைப் பாதுகாப்புடன் அமிர்தம் கொடியேற்றினார்.

இவ்வைந்து நாள் இடைவெளி இரு உண்மைகளை உணர்த்துகிறது. மாவட்ட அளவில் சட்டம் விரைந்து இயங்கவல்லது. ஆனால் ஊராட்சி அலுவலகத்தின் வாயிலில் அது இயல்பாக நிலவவில்லை. ஊடக வெளிச்சமும் ஆட்சியரின் வருகையும் அதற்குத் தேவைப்பட்டன.

தடுப்பின் கருவிகள்

கொடியேற்றம் ஆண்டில் இருமுறை நிகழ்வது. எஞ்சிய நாள்களில் தடை கண்ணுக்குத் தெரியாத வடிவம் கொள்கிறது. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் வழங்கத் தலைவர், துணைத் தலைவர் ஆகிய இருவரின் கையொப்பமும் வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கின்றனர். அப்பதவிக்கு ஒதுக்கீடு இல்லை. எனவே தலைமை ஒரு சமூகத்திடமும், பணத்தை நிறுத்தும் ஆற்றல் மற்றொன்றிடமும் அமையக்கூடும். பதிவேடுகளோ ஊராட்சிச் செயலரின் கையில் உள்ளன. கூலி வழங்கவும் குடிநீர்க் குழாய் பழுதுபார்க்கவும் தலைவரால் இயலாதபோது, 'திறமையற்றவர்' என்னும் பழி அவர் மீதே விழுகிறது. 205ஆம் பிரிவின்படி தலைவரைப் பதவிநீக்கும் நடவடிக்கைக்கும் அப்பழி வழிகோலக்கூடும்.

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையின் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்ட படம் வெளியானது. தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022இல் 24 மாவட்டங்களில் நடத்திய கள ஆய்வும் நாற்காலி, பெயர்ப் பலகை, கொடியேற்றம் ஆகியவை மறுக்கப்பட்ட ஊராட்சிகளைச் சுட்டியது. அவ்வாண்டு விடுதலை நாளுக்கு முன் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பாகுபாடின்றிக் கொடியேற்றப்படுவதை உறுதிசெய்யுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஊராட்சித் தலைவரின் பணியைத் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவின்படி தனிக் குற்றமாகும். குற்றமென அறிவித்த பின்னரும் ஆண்டுதோறும் நினைவூட்ட வேண்டியிருப்பது, அச்சட்டம் ஊரளவில் அச்சத்தையோ மதிப்பையோ போதிய அளவு பெறவில்லை என்பதைக் காட்டுகிறது.

முடிவுரை

மக்களாட்சியை வலுப்படுத்துதல் வாக்குப்பதிவோடு நிறைவுறுவதில்லை என்பது மேற்கண்ட வரலாற்றால் புலனாகிறது. துணைத் தலைவர் கையொப்பத்தை மறுப்பின் காரணத்தைக் குறித்த காலத்துக்குள் எழுத்தில் தரவேண்டும் என்னும் விதி, பதிவேடுகளைத் தலைவரிடம் ஒப்படைத்ததற்கான ஆண்டுச் சான்று, ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் ஆட்சியரின் முறையான ஆய்வு ஆகியவை சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்ற உதவும்.

2019இல் தேர்வானோரின் பதவிக்காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்தது. அதன்பின் ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றன. தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் எல்லா ஊராட்சிகளுக்கும் இழப்பே. எனினும் ஆத்துப்பாக்கம் போன்ற ஊர்களில் அவ்விழப்பு இரட்டிப்பாகிறது. போராடிப் பெற்ற நாற்காலியில் அமர்ந்து ஆளப் பழகும் காலமும், ஊர் அதனை ஏற்கப் பழகும் காலமும் அங்கு ஒருங்கே பறிபோகின்றன.