குடுக்கையின் வாய்

ஆய்க்குடிக் கிணற்றில் எனக்கு நீச்சல் பழக்கிய தாத்தா, என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டுமுன் அதன் வாயடைப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். "உள்ளே காத்து இருக்கிற மட்டும்தாம்ல மிதக்கும்" என்பார்.

1961 ஜூலை 21-இல் அமெரிக்க விண்வெளி வீரர் கஸ் கிரிஸம் பதினைந்து நிமிஷப் பயணம் முடித்து அட்லாண்டிக் கடலில் இறங்கினார். கலத்தின் கதவு திடீரென்று தெறித்துவிட்டது, கடலில் குதித்தார். ஆகாயத்தில் உயிர் காக்கத் தைத்த உடை, உள்ளே காற்று நின்றதால் நீரிலும் மிதந்தது. கழுத்தைச் சுற்றிய ரப்பர்ப் பட்டை தண்ணீரைத் தடுத்தது. ஆனால் பிராணவாயு புகும் துவாரத்தை மூட மறந்திருந்தார்! காற்று வெளியேறிற்று, நீர் புகுந்தது. ஞாபகார்த்தமாகக் கொண்டுபோன நாணயங்கள் வேறு கனத்தன. மூழ்கும் தறுவாயில் ஹெலிகாப்டர் அவரைத் தூக்கிற்று. கலமோ மூழ்கியே போயிற்று. 1999-இல்தான் அதை மீட்டார்கள்.

இதைப் படித்த அன்று, தாத்தாவின் கட்டைவிரல் என் கண்முன் நின்றது.