நீர்மூழ்கிக்கு விரித்த வலை

1944. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். பஹாமாத் தீவுகளை ஒட்டிய அட்லாண்டிக் கடலில் 'சலூடா' என்ற கப்பல் ஹைட்ரோபோன் என்ற நீரடி ஒலிவாங்கி ஒன்றை ஆழத்தில் தொங்கவிட்டுக் காத்திருந்தது. இன்னொரு கப்பல் அதைவிட்டு விலகிப் போய்க்கொண்டே, வழியில் சிறுசிறு வெடிகளைக் கடலுக்குள் போட்டது. அவை ஆழத்துக்கு இறங்கிய பிறகே வெடிக்கும்படி செய்யப்பட்டிருந்தன. சோதனையை நடத்தியவர் மாரிஸ் யூயிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி. ஹைட்ரோபோனில் வந்த சத்தம் விசித்திரமாக இருந்தது. முதலில் மெல்லத் தொடங்கியது, வரவர ஓங்கியது, உச்சத்துக்குப் போனதும் சட்டென்று அறுந்தது. சுமார் இரண்டு கிலோ வெடிமருந்தின் சத்தம் சுமார் 900 மைல் கடந்து வந்திருந்தது. அவ்வளவு சின்ன வெடிக்கு அவ்வளவு நீண்ட கை எப்படி வந்தது?

விடை கடலின் அடுக்குகளில் இருந்தது. கீழே போகப்போக நீர் குளிர்கிறது. குளிரக் குளிர ஒலியின் வேகம் குறைகிறது. இன்னும் ஆழத்துக்குப் போனால் நீரின் அழுத்தம் கூடி, வேகத்தை மறுபடி ஏற்றிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, நடு அட்லாண்டிக்கில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், ஒலி மிக மெதுவாகப் போகும் ஓர் அடுக்கு இருக்கிறது. அதில் நுழைந்த ஒலி மேலே போனாலும் கீழே போனாலும் வளைந்து உள்ளேயே திரும்பும். இரு கரைக்குள் ஓடும் வாய்க்கால் தண்ணீரைப் போல, சிதறாமல் வெகுதூரம் ஓடும். சோவியத் விஞ்ஞானி லியோனித் பிரெகோவ்ஸ்கிக் தனியாக ஆய்வு செய்து இதே உண்மையைக் கண்டறிந்தார். இந்த வாய்க்காலை வைத்து யூயிங் உயிர் காக்க ஒரு திட்டம் போட்டார். விமானம் கடலில் விழுந்தால் விமானி ஒரு சின்ன வெடியைத் தண்ணீரில் போட வேண்டும். கரையோர நிலையங்கள் அந்தச் சத்தம் தங்களை வந்தடைந்த நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, ஆள் தத்தளிக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். திட்டம் முழுதாக நடைமுறைக்கு வருவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கணக்கு வீணாகவில்லை. அதற்கு வேறொரு வேலை காத்திருந்தது.

அமெரிக்கக் கடற்படைக்கு அடுத்த பகைவன் சோவியத் நீர்மூழ்கி. அது போட்ட சத்தம் தாழ்ந்த சுதியில் உறுமும் இயந்திரச் சத்தம். வாய்க்காலில் நெடுந்தூரம் ஓடுவதற்கு ஏற்றதும் அத்தகைய தாழ்ந்த ஒலிதான். 1952-இல் பஹாமாவின் எலூதரா தீவருகே 40 ஹைட்ரோபோன்களைச் சுமார் 300 மீட்டர் நீளத்துக்கு வரிசையாகக் கடலடியில் இறக்கினார்கள். சோதனை வெற்றி பெற்றது. அட்லாண்டிக்கிலும் பிறகு பசிபிக்கிலும் கேபிள் கப்பல்கள் சத்தமில்லாமல் வரிசை வரிசையாக ஹைட்ரோபோன்களைப் போட்டன. வெளியே சொன்ன காரணம் கடல் ஆராய்ச்சி. 'சோசஸ்' என்ற இந்த அமைப்பின் பெயரே ரகசியமாக வைக்கப்பட்டது.

கரையில் ஜன்னலில்லாத கட்டடங்களுக்குள் இரவு பகலாக வேலை நடந்தது. மனிதப் பேச்சைப் படமாக்கி ஆராய பெல் ஆய்வுக்கூடம் செய்த கருவியை நீர்மூழ்கிக்காக மாற்றி அமைத்திருந்தார்கள். காகிதச் சுருள் மெல்ல நகர, அதன்மேல் ஓடிய முள் காகிதத்தைச் சுட்டுச்சுட்டுக் கோடு போட்டது. நிலையான கறுப்புக் கோடு விழுந்தால் அது ஏதோ ஓர் இயந்திரம். அதன் இடத்தையும் கனத்தையும் பார்த்தே எந்த வகைக் கப்பல் என்று சொல்லும் கண்கள் அங்கே பழகியிருந்தன. அந்தக் கண்களுக்கும் பிடிபடாத ஒன்று காகிதத்தில் வந்து விழுந்தது.

20 ஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்கக்கூடிய எல்லையின் அடிமட்டம். ஏறத்தாழ ஒரு நொடி நீளமுள்ள துடிப்பு, சில நொடி இடைவெளி, மறுபடி துடிப்பு. கால் மணி நேரம் இப்படி ஒழுங்காகப் போகும். இரண்டு மூன்று நிமிடம் நிற்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். இவ்வளவு கணக்காக எந்த மிருகம் கத்தும்? சோசஸுக்கான ரகசிய ஆராய்ச்சித் திட்டத்தின் பெயர் 'ஜெசபெல்' என்பதால் இதற்கு 'ஜெசபெல் பூதம்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்க நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க சோவியத் செய்த புதுக் கருவியோ என்ற பயம் கடற்படைக்குள் பரவியது.

பூதத்தைப் பிடித்துக் கொடுத்தவர்கள் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் வில்லியம் ஷெவிலும் வில்லியம் வாட்கின்ஸும். ஷெவில் 1949-இலேயே கனடாவின் சாகுனே ஆற்றில் வெள்ளைத் திமிங்கிலங்களின் குரலைப் பதிவு செய்தவர். 1964-இல் வாட்கின்ஸ், ரிச்சர்ட் பேக்கஸ் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு, 20 ஹெர்ட்ஸ் துடிப்பு ஃபின் திமிங்கிலத்தின் குரல் என்று நிறுவியது. நடுவே விழுந்த அந்த இரண்டு மூன்று நிமிட மௌனம், அது மூச்சு வாங்க மேலே வரும் நேரத்தோடு பொருந்தியது. கடற்படைக்கு நிம்மதி. திமிங்கிலக் குரலுக்கு வேண்டாத இரைச்சல் என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டார்கள். அரை உலகக் கடலில் திமிங்கிலங்கள் போய்வந்த தடம் அந்த ஒதுக்கலில் நாள்தோறும் கழிந்துபோனதை நினைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வெளியே தப்பி வந்தது ஒரே ஒரு மூலையில் சேர்ந்த கொஞ்சம் நாடாக்கள்.

அந்த மூலை பெர்முடா. அங்கே கடற்படைக்காக வேலை பார்த்த ஃபிராங்க் வாட்லிங்டன் கடலடி வெடிச் சத்தங்களைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, 1950-களில், கூன்முதுகுத் திமிங்கிலங்களின் குரல் வந்து மாட்டியது. நீண்டு, குழைந்து, முனகி, கீச்சிட்டு ஏறி இறங்கும் குரல். அவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்; வெளியே சொல்லவில்லை. திமிங்கில வேட்டைக்காரர்கள் இந்தச் சத்தத்தைப் பின்பற்றியே மிருகத்தைத் தேடிப் போய்விடுவார்கள் என்று அஞ்சினார். 1967-இல் ராஜர் பெய்ன், கேட்டி பெய்ன் என்ற விஞ்ஞானித் தம்பதி பெர்முடாவுக்கு வந்தார்கள். நாடா அவர்கள் கைக்குப் போனது. அந்தக் குரல் திரும்பத் திரும்ப வரும் முறையான பாட்டு என்று ஆராய்ந்து கண்டார்கள். 1970-இல் அது இசைத்தட்டாக வந்து லட்சக்கணக்கான வீடுகளில் ஒலித்தது. வேட்டையை வளர்க்கும் என்று ஒளிக்கப்பட்ட ஒலி, வேட்டைக்கு எதிராக ஊரைத் திரட்டியது. 1982-இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தி வைக்க வாக்களித்தது.

பெய்ன் அதோடு நிற்கவில்லை. பொறியாளர் டக்ளஸ் வெப்புடன் சேர்ந்து 1971-இல் ஒரு துணிச்சலான கணக்கை வெளியிட்டார்: கப்பல் இரைச்சல் இல்லாத பழைய கடலில், ஃபின் திமிங்கிலத்தின் குரல் ஆழ்கடல் வாய்க்கால் வழியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கேட்டிருக்கும். பலர் நம்பவில்லை. நிரூபிக்கச் சான்று வேண்டும். சான்றோ அந்த ஜன்னலில்லாத கட்டடத்தில் முள் சுட்ட கோடுகளாக இருந்தது. உள்ளே போக யாருக்கும் அனுமதி இல்லை.

கதவைத் திறந்தது சோவியத்தின் வீழ்ச்சி. அதற்கு முன்பே சோவியத் நீர்மூழ்கிகள் சத்தம் குறைந்து காதுக்கு எட்டாமல் நழுவத் தொடங்கியிருந்தன. அமெரிக்கக் கடற்படையிலேயே இருந்துகொண்டு பல ஆண்டுகள் சோவியத்துக்கு ரகசியம் விற்று, இந்த ஒட்டுக்கேட்பைக் காட்டிக்கொடுத்த ஜான் வாக்கர் 1985-இல் பிடிபட்டார். 1991-இல் பகைவனே இல்லாமல் போனான். இத்தனை செலவில் போட்ட ஹைட்ரோபோன்கள் இனி எதற்கு என்ற கேள்வி வந்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. அந்த நேரத்தில்தான் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கிளார்க்குக்கு உள்ளே வர அழைப்பு கிடைத்தது.

உள்ளே போன கிளார்க் கண்டது, குப்பையென்று கழித்த கோடுகளின் பெருவெள்ளம். அதுவரை உலகம் மொத்தமும் எழுதிவைத்த நீலத் திமிங்கிலக் குரல்களைவிட அதிகமானவை ஒரே நாளில் அவருக்குக் கிடைத்தன. கடற்படைப் பகுப்பாய்வாளர் சக் காக்னன் நீர்மூழ்கியைத் துரத்தப் பழகிய அதே திறமையோடு திமிங்கிலத்தைத் துரத்தினார். வெவ்வேறு இடத்து ஹைட்ரோபோன் வரிசைகள் காட்டிய திசைகள் வெட்டும் புள்ளியை வரைபடத்தில் குறித்தார். சில மணி நேரம் கழித்து அடுத்த புள்ளி. 1993-இல் ஒரு நீலத் திமிங்கிலத்தின் குரல் மட்டும் விடாமல் 43 நாள் கிடைத்தது. புள்ளிகளை இணைத்தபோது வட அட்லாண்டிக்கில் சுமார் 1,700 மைல் நீளப் பாதை ஒன்று வந்தது. அந்த மிருகத்தின் பக்கத்தில் ஒரு படகுகூடப் போகவில்லை.

பசிபிக்கில் இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் நடந்துகொண்டிருந்தது. 1989-இல் வாட்கின்ஸ் குழு வேறெந்தத் திமிங்கிலமும் எழுப்பாத 52 ஹெர்ட்ஸ் குரல் ஒன்றைக் கேட்டது. ஆயிரம் குரலுக்கு நடுவிலும் இது தனியாகத் தெரிந்ததால் ஒரே மிருகத்தை ஆண்டாண்டாகப் பின்தொடர முடிந்தது. ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் இடையில் கேட்கத் தொடங்கும், பிப்ரவரிவாக்கில் மறையும். வடக்கே அலூஷியன் தீவுகள், தெற்கே கலிஃபோர்னியக் கடல் என்று அது அலைந்தது. 2002-03 பருவத்தில் மட்டும் 11,062 கிலோமீட்டர். 12 ஆண்டுத் தடங்களை அடுக்கிய ஆய்வு 2004 டிசம்பரில் வெளியானது. வாட்கின்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துவிட்டிருந்தார். உலகம் அதைத் தனிமையில் வாடும் திமிங்கிலம் என்று பேசி உருகியது. தனிமையை அளக்க யாரிடமும் கருவி இல்லை. ஒரு மிருகத்தின் வலசையைக் குரலை மட்டும் வைத்து இத்தனை ஆண்டு அளந்த சாதனையோ யார் வாயிலும் வரவில்லை. எனக்கு இன்றும் இது பெரிய குறையாகவே படுகிறது.

அப்புறம் ஓட்டம் வேகமெடுத்தது. 2008-இல் பாஸ்டன் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் தடத்தில் பத்து மிதவைகளைப் போட்டார்கள். ரைட் திமிங்கிலத்தின் குரலை அவை தாமாகவே அடையாளம் கண்டு செயற்கைக்கோள் வழியே கரைக்குச் சொல்லும். அங்கிருந்து கப்பலுக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லி எச்சரிக்கை போகும். அடுத்த திருப்பம் இந்தியப் பெருங்கடலில், அணுகுண்டு கேட்கும் காது வழியாக வந்தது.

அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்காக, யாராவது கள்ளத்தனமாகக் குண்டு வெடித்தால் கண்டுபிடிக்கவென்று, டீகோ கார்சியாத் தீவருகே ஹைட்ரோபோன்கள் வைத்திருந்தார்கள். அவை ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பதிவுகளை எமானுவேல் லெராயும் டிரேசி ரோஜர்ஸும் அடங்கிய நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு அலசியது. அந்தக் கடலின் குட்டை நீலத் திமிங்கிலங்களில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிப் பாட்டு உண்டு. திருகோணமலைக் கடலில் 1984-இல் பதிவான பாட்டு இலங்கைக் கூட்டத்துக்கு உரியது. டீகோ கார்சியாப் பதிவில் இருந்த ஒரு பாட்டு அறிந்த எந்தக் கூட்டத்தோடும் சேரவில்லை. கிட்டத்தட்ட இருபது ஆண்டுப் பதிவிலும் அது வந்துகொண்டே இருந்தது. மற்ற ஹைட்ரோபோன்களிலும் தேடினார்கள்: வடக்கே இலங்கைக் கரை வரை, கிழக்கே ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வரை அதே பாட்டு. 2021-இல் ஆய்வு வெளியானபோது அது புதிய நீலத் திமிங்கிலக் கூட்டமாக இருக்கலாம் என்று அறிவித்தார்கள்; கூடவே அது போய்வரும் கடற்பரப்பையும் வரைந்து காட்டினார்கள். அதுவரை அந்தக் கூட்டத்தை இன்னதென்று தெரிந்து கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை.