டானிக்கா, சோடாவா: ஜின் கோப்பையில் ஒரு கட்டுக்கதை

ஜின்னும் டானிக்கும் சேர்ந்த கதை பெரும்பாலும் ஒரே வடிவில்தான் சொல்லப்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆங்கிலப் படையினர் இந்தியாவில் மலேரியாவால் மடிந்தனர், குயினைனின் கசப்பைப் பொறுக்கமாட்டாமல் அதைச் சோடாவில் கரைத்துச் சர்க்கரை கலந்தனர், பின்னர், படியாகக் கிடைத்த ஜின்னையும் அதில் ஊற்றினர், மருந்து பானமாயிற்று. மதுக்கூடப் பட்டியல்களிலும் சுற்றுலா எழுத்துகளிலும் உலவும் இக்கதை, காலனிய மருத்துவ வரலாற்றுக்கு எடுத்துக்காட்டாகக் கருத்தரங்குகளிலும் எட்டிப்பார்ப்பதுண்டு. கேட்பதற்கு இனிய கதை. ஆண்டுக் கணக்குத்தான் ஒத்துவரவில்லை.

முதலில் சோடாவைப் பார்க்கலாம்; காலத்தால் மூத்தது அதுவே. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், தம் வீட்டருகே இருந்த மதுவடிப்புச்சாலையின் நொதிக்கலங்களுக்கு மேல் தங்கிநின்ற வாயுவை நீரில் கரைக்கும் வழியைக் கண்டவர் ஜோசப் பிரீஸ்ட்லி. 1772இல் அதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அந்நீர் கடலோடிகளின் ஸ்கர்வி நோயைத் தீர்க்கும் என்றும் நம்பினார். அது தவறான நம்பிக்கை. 1783இல் ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் அதையே தொழிலாக்கி, 1792இல் லண்டனுக்குக் கொண்டுவந்தார். அந்நாளில் இது மருந்துப் பொருள். சிறுநீரகக் கல்லுக்கும் வயிற்றுப் புளிப்புக்கும் சோடா உப்புச் சேர்த்து விற்றதால் 'சோடா நீர்' என்ற பெயர் வந்தது. பின்னாளில் உப்பு குறைந்தது, பல இடங்களில் மறைந்தே போனது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று தெருக்கடையில் உடைத்துத் தரப்படும் சோடாவில் பெரும்பாலும் சோடா கிடையாது.

இந்தியாவிற்கு இது கப்பலில் வந்த சரக்கு. அடி உருண்ட புட்டிகளில் வந்தது. நிமிர்த்தி வைத்தால் தக்கை காய்ந்து வாயு கசியும் என்பதால் படுக்க வைத்தே சேமிக்க வேண்டியிருந்தது. இந்துஸ்தானியில் இதற்குக் கிடைத்த பெயர் 'பிலாயதி பானி', அதாவது சீமைத் தண்ணீர். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ஆங்கிலோ-இந்தியர் நடுவே சோடாவுக்கு வழக்கமான பெயர் இதுவே என்று பதிவு செய்கிறது. 'பிலாயதி' என்னும் அதே சொல்தான் படையினர் வாயில் தேய்ந்து, 'பிளைட்டி' என்று தாய்நாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக ஊர் திரும்பியது. 1870களில் ஹைரம் காட் வடிவமைத்த கோலிப் புட்டி வந்தபின் சோடா எளிய மக்களின் பானமாக இறங்கி வந்தது. டானிக் நீருக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை.

இந்தச் சீமைத் தண்ணீரை ஆங்கிலேயர் பெரும்பாலும் பிராந்தியில் ஊற்றினர், பின்னர் விஸ்கியில். கதை சொல்லும் 'படிக்கு ஜின்' என்பதும் ஐயத்திற்குரியதே. கம்பெனிப் படையின் சாதாரண வீரனுக்குப் படியாக அளக்கப்பட்டவை சாராயமும் ரம்மும். அதிகாரிகளின் மேசையில் மதெய்ரா, கிளாரெட், பியர், பிராந்தி இருந்தன. ஜின்னும் இந்நாட்டுக்கு வந்ததுதான். ஆனால் பாசறையின் அடையாளப் பானம் அது அன்று.

இனிக் குயினைன். சிங்கோனாப் பட்டையிலிருந்து பாரிஸில் பெல்த்தியேவும் கவெந்துவும் அதைப் பிரித்தெடுத்தது 1820இல். 1854இல் நைஜர் ஆற்றில் சென்ற பிளையட் கப்பலில், வில்லியம் பெய்க்கி தம் குழுவினருக்கு அதை முன்காப்பாகக் கொடுத்து ஒருவரையும் காய்ச்சலுக்குப் பலிகொடுக்காமல் திரும்பினார். அதன்பின் முன்காப்பு முறைக்கு மதிப்புக் கூடியது. தூளாக, மாத்திரையாக, அமிலத்துளி விட்ட நீரில் கரைசலாக, ஒயினில் கலந்து என்று பல வழிகளில் அதை உட்கொண்டனர். கைக்கு அகப்பட்ட மதுவில் சிலர் கலந்திருக்கலாம் என்பதில் வியப்பில்லை. ஆனால் 'கைக்கு அகப்பட்ட மது' என்பதிலிருந்து 'சோடா, சர்க்கரை, ஜின்' என்னும் குறிப்பிட்ட கலவைக்குத் தாவுவதற்கு ஆதாரம் தேவை. கதை அந்த இடத்தைத்தான் விரைந்து கடக்கிறது.

முதல் டானிக் நீராகப் பொதுவாகக் கருதப்படுவது, லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் 1858 மே மாதம் காப்புரிமை பெற்ற பானம். அதே ஆண்டு ஆகஸ்டில் கம்பெனியின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் நிறைவேறியது. நவம்பரில் ஆட்சி அரசியின் கைக்கு மாறியது. ஆக, கம்பெனிக்கார அதிகாரி டானிக் பருகியே தீரவேண்டுமெனில் அவருக்குக் கிடைத்தது சில மாதங்களே, அதுவும் புட்டி லண்டனிலிருந்து வந்து சேர்ந்திருந்தால்! செரிமானத்துக்கும் உடல் தெம்புக்கும் உகந்தது என்று விற்கப்பட்ட பானம் அது. ஜின்னும் டானிக்கும் சேர்ந்து அச்சில் தோன்றும் மிகப் பழைய குறிப்பாக அறியப்படுவது 1868இல் 'ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மேகஸின்' இதழில் உள்ளது. அது மருத்துவமனைக் குறிப்பன்று. குதிரைப் பந்தயக் கூட்டத்தைப் பற்றிய குறிப்பு. அங்கே அது பிராந்தி-சோடாவோடு சேர்த்துக் கேட்கப்படும் கேளிக்கைப் பானம். ஷ்வெப்ஸ் நிறுவனம் தன் டானிக்கின் பெயரில் 'இந்திய' என்ற அடைமொழியைச் சேர்த்தது அடுத்த பத்தாண்டில். கதைக்கு வித்தாக அந்தப் புட்டியின் பெயர்ச்சீட்டே போதுமானதாக இருந்திருக்கும்.

அளவையும் பார்த்துவிடலாம். இன்று அமெரிக்க விதிகள் டானிக்கில் அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 83 மில்லிகிராம் குயினைன். மலேரியாவுக்கு வாய்வழியாகத் தரப்படுவது வேளைக்கு 600 மில்லிகிராம் அளவில், நாளுக்கு மூன்று வேளை. இன்றைய டானிக்கால் அதை ஈடுகட்ட நாளொன்றுக்கு இருபது லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். கொசுக்கடிக்கு அஞ்சி டானிக்கைத் தேர்பவர் இதை நினைவில் கொள்வது நல்லது.

அப்படியானால் ஜின்னுக்குச் சோடாவை விட்டு டானிக் ஏன்? விடை மருந்தில் இல்லை, நாக்கில் இருக்கிறது. ஜின்னின் மணம் ஜூனிபர்க் காயிலிருந்து வருவது. பிசினும் ஊசியிலை மரமும் கலந்தாற்போன்ற மணம். சோடா அதை நீர்க்கச் செய்து அப்படியே வெளிக்காட்டும். நல்ல ஜின்னானால் நன்மை, மட்டமானதானால் மானக்கேடு. டானிக்கின் கசப்பு அம்மணத்தோடு கைகோக்கிறது. அதன் இனிப்பு மதுவின் காரத்தை மூடுகிறது. சாதாரண டானிக்கில் 200 மில்லிக்கு நான்கு தேக்கரண்டி அளவுக்குச் சர்க்கரை உண்டு, சோடாவில் அறவே இல்லை. உடல்நலக் கணக்குப் பார்த்தால் 'மருந்து' என்று பெயர் கொண்டதுதான் தோற்கிறது.

கட்டுக்கதை வெறும் பிழையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அது வேறொரு வரலாற்றை மறைக்கிறது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் ஆண்டிஸ் மலையிலிருந்து கடத்திவந்த சிங்கோனாக் கன்றுகளும் விதைகளும் 1860களின் தொடக்கத்தில் நீலகிரியில் வேரூன்றின. உதகையில் வில்லியம் மெக்ஐவர் அவற்றை வளர்த்தெடுத்தார். நடுவட்டத் தோட்டத்தில் காடு திருத்த, மலாயாக் கரையிலிருந்து நாடுகடத்தப்பட்ட சீனக் கைதிகளையும் பயன்படுத்தினர். அங்கும் டார்ஜிலிங் பக்கம் மங்பூவிலும் செழித்தது பெரும்பாலும் சிவப்புப் பட்டை இனம். அதில் குயினைன் குறைவு, பிற காரப்பொருள்கள் மிகுதி. 1866இல் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் அமைந்த மருத்துவக் குழுக்கள், பட்டையின் நான்கு காரப்பொருள்களும் காய்ச்சலுக்கு ஏறத்தாழ ஒத்த பயன் தருவதாகக் கண்டன. அதன் விளைவாக 1870களில் மங்பூவில் மலிவான கலப்பு மருந்து உருவாயிற்று. 1890களில் வங்காளத்தின் அஞ்சலகங்களில் ஒரு பைசாப் பொட்டலங்களாகக் குயினைன் விற்கப்பட்டது. அதற்குள் டச்சுக்காரர் ஜாவாவில் வளர்த்த உயர்ரக மரங்கள் உலகச் சந்தையைத் தம் பிடிக்குள் கொண்டுவந்துவிட்டன. மலேரியாவோடு மெய்யாகப் போராடியவை அந்தப் பைசாப் பொட்டலங்கள். ஆயினும் வரலாறாகச் சொல்லப்படுவது பந்தயத் திடலின் கோப்பைதான்.

சிங்கோனா என்ற பெயரே இத்தகைய இன்னொரு கதையின் எச்சம். பெருவின் ஆளுநர் மனைவியான சின்சோன் சீமாட்டி அப்பட்டையால் குணமடைந்தார் என்ற கதையை நம்பி 1742இல் லின்னேயஸ் அப்பெயரை இட்டார், எழுத்துப் பிழையோடு. கதை பொய் என்று 20ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது; பிழை அப்படியே நிலைத்தது. தமிழில் வழங்கும் 'கொய்னா' மட்டும் சீமாட்டியைச் சுற்றிப் போகாமல், 'கினா' என்னும் ஆண்டிஸ் மலைச் சொல்லுக்கு அருகிலேயே நிற்கிறது.

'டானிக்' கிரேக்க 'தோனோஸ்' வழி வந்தது: இழுத்துக் கட்டுதல், முறுக்கேற்றுதல். ஒலியொற்றுமையால் நினைவுக்கு வரும் 'தொனி' இதற்கு உறவன்று. அது 'த்வனி'யின் திரிபு. உறவு 'தந்தி'யோடு, இரண்டிற்கும் 'இழு' என்னும் பொருளுடைய ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர். தளர்ந்த உடலுக்கு முறுக்கேற்றுவது என்னும் அப்பழைய பொருளைத் தமிழ் வழக்கு இன்றும் காக்கிறது. கடைத்தெருவில் டானிக் என்று கேட்டால் மருந்துக்கடைக்காரர் சத்து மருந்துப் புட்டியை எடுத்து வைப்பார், அளக்க ஒரு மூடியோடு.