விரல் நுனியிலிருந்து திரைவரை: விழிப்புலனற்றோரும் சமூக ஊடகங்களும் – ஒரு வரலாற்று நோக்கு

எழுத்து கண்ணை நோக்கி ஆக்கப்பட்ட ஒரு கருவியாகும். அறிவு வாய்மொழியாக வழங்கிய காலத்தில், செவியுள்ள எவரும் அதனைப் பெறக்கூடியவராக இருந்தனர். அவ்வறிவு ஏட்டிலும் பின்னர் அச்சிலும் ஏறியபோது, விழிப்புலனற்றோர் அதிலிருந்து பிரிக்கப்பட்டனர். அவர்களை விலக்க வேண்டுமென எவரும் தீர்மானித்ததில்லை; அவர்களை நினையாமலே கருவி ஆக்கப்பட்டது. இன்று சமூக ஊடகங்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட பொதுச்சந்தி எனப் பேசப்படுகின்றன. இக்கூற்று விழிப்புலனற்றோரைப் பொறுத்தவரை எவ்வளவு தூரம் உண்மையானது என்பதை, அவர்களது வாசிப்பின் இருநூற்றைம்பது ஆண்டுகால வரலாற்றின் பின்னணியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1771 இல் பாரிஸ் நகரச் சந்தையொன்றில் விழிப்புலனற்ற இசைஞர் சிலரைக் கோமாளிகளாக உடுத்தி மேடையேற்றிக் கூட்டம் நகைத்ததைக் கண்ட வலன்ரைன் ஹவுயி என்பார், அவர்களுக்குக் கல்வி வழங்க வேண்டுமென எண்ணினார். 1780களின் நடுப்பகுதியில் விழிப்புலனற்ற இளைஞருக்கான பாடசாலையொன்றை அவர் அந்நகரில் நிறுவினார். சாதாரண எழுத்துகளைத் தாளிற் புடைப்பாக அழுத்தி, விரலால் தடவி வாசிக்கச் செய்ததே அவரது முறையாகும். இது பெரும் முன்னேற்றமே. எனினும் அவ்வெழுத்து கண்ணுக்கென வகுக்கப்பட்ட வடிவத்தையே விரலுக்கு வழங்கியது. ஓர் எழுத்தின் வளைவையும் கோட்டையும் விரல் தொடர்ந்து சென்று அறிவதற்கு நெடுநேரமாகும். நூல்கள் மிகப் பருமனாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்முறையில் மாணவர் வாசிக்கலாமேயன்றித் தாமாக எளிதில் எழுதுதல் இயலாது.

இத்தடையை உடைத்தவர் அப்பாடசாலையிற் பயின்ற மாணவர் ஒருவரே. 1809 இற் பிறந்த லூயி பிரெயில், தமது மூன்றாம் வயதில் தந்தையின் தோற்பட்டறையில் ஏற்பட்ட விபத்தினாற் கண்ணொன்றிற் காயமுற்று, அதனைத் தொடர்ந்து முற்றாகப் பார்வையிழந்தவர். சாள்ஸ் பாபியர் என்பார் ஆக்கியிருந்த புள்ளியெழுத்து முறை அவரது கவனத்தை ஈர்த்தது. பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட அவ்வடிவம் விரல் நுனியினுள் ஒருங்கே அடங்கவில்லை. அன்றியும் அது ஒலியைக் குறித்ததேயொழிய எழுத்துக்கூட்டலைக் காட்டவில்லை. பிரெயில் அதனை ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். 1824 அளவில் வடிவம் பெற்ற இம்முறை 1829 இல் நூலாக வெளிவந்தது. விரலை ஒருமுறை வைத்தவுடன் முழு எழுத்தும் உணரப்பட்டது. எழுத்தாணியொன்று இருந்தால் எவரும் எழுதவும் முடிந்தது.

ஆயினும் பாடசாலை நிருவாகம் இதனை உடன் வரவேற்கவில்லை. பார்வையுள்ள ஆசிரியருக்குப் புரியாத எழுத்து விழிப்புலனற்றோரைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்பது கூறப்பட்ட காரணமாகும். 1840களின் தொடக்கத்தில் அம்முறை தடைசெய்யப்பட்டது. மாணவர் இரகசியமாக அதனைப் பயன்படுத்தினர். 1844 இல் புதிய கட்டிடத் திறப்பு விழாவிற் பகிரங்கச் செய்முறை காட்டப்பட்ட பின்னரே நிலைமை மாறியது. பிரெயில் இறந்து ஈராண்டுகளின் பின், 1854 இல், பிரான்சு அதனை உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொண்டது. இவ்வரலாற்றில் இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, வழியைத் திறந்தவர் வழியற்றிருந்தவரே. இரண்டாவது, அவ்வழி நிலைப்பதற்குப் பார்வையுள்ளோரது சம்மதமும் வேண்டியிருந்தது.

தமிழும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. இந்திய மொழிகளுக்கான பொதுப் பிரெயில் முறை 1951 இல் உருப்பெற்றபோது தமிழுக்கும் ஒழுங்கான வடிவம் கிடைத்தது. அச்சில் ‘கொ’ என எழுதுகையில் ககரத்தின் இருபுறமும் குறிகள் நிற்கின்றன. பிரெயிலிலோ ககரமும் அதன்பின் ஒகரமும் ஒலிக்கும் ஒழுங்கிலேயே வருகின்றன. கண்ணின் மரபை விட்டு ஒலியின் ஒழுங்கைத் தழுவிய எழுத்து இது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கணினி புதிய வாசலைத் திறந்தது. தொடக்ககாலக் கணினித் திரையில் எழுத்துகளே இருந்தன. எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருள் இருப்பின் விழிப்புலனற்றவரும் கணினியை முழுமையாகக் கையாள முடிந்தது. இவ்வகை மென்பொருளே திரைவாசிப்பான் எனப்படுகின்றது. 1980களில் ஐபிஎம் நிறுவனம் இத்தகைய ஒன்றை வெளியிட்டது. 1978 இல் வீதி விபத்திற் பார்வையிழந்த ரெட் ஹென்ரர் நிறுவிய நிறுவனம் 1989 இல் ‘ஜோஸ்’ என்னும் மென்பொருளை வெளியிட்டது. ஆனால் அக்காலத்திலேயே கணினித் திரை எழுத்திலிருந்து படத்துக்கு மாறத் தொடங்கியது. சிறு சின்னங்களைச் சுட்டியால் அழுத்தும் முறை பரவியபோது, திரைவாசிப்பான் வாசிப்பதற்கு எழுத்து இல்லாது போயிற்று. பெற்ற வேலையை இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் விழிப்புலனற்ற ஊழியரிடையே எழுந்தது. புதிய திரைக்கேற்ற வாசிப்பான்கள் 1990களில் உருவாகியே அந்நெருக்கடி தணிந்தது. விலை என்னும் தடை எஞ்சியிருந்தது. 2006 இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கறன், ஜேம்ஸ் ரே ஆகிய விழிப்புலனற்ற இளைஞர் இருவர் ‘என்விடிஏ’ என்னும் இலவச வாசிப்பானை உருவாக்கினர். 2009 இல் அப்பிள் நிறுவனம் தனது கைத்தொலைபேசியினுள்ளேயே வாசிப்பானை இணைத்தது. பொத்தானற்ற கண்ணாடித் திரையையும் விழிப்புலனற்றவர் கையாளலாம் என்பது அதன்மூலம் நிரூபணமாயிற்று.

இணையத்திற் படத்துக்கு எழுத்துவிளக்கம் இணைக்கும் வசதி தொடக்கத்திலிருந்தே அறியப்பட்டதாகும். ‘மாற்றுரை’ என அழைக்கப்படும் அவ்விளக்கம் பார்வையுள்ளோருக்குத் தோன்றாது. வாசிப்பான் மட்டும் அதனைக் குரலெடுத்துக் கூறும். 1999 இல் வெளியான இணைய அணுகல் வழிகாட்டி நெறிகளில் முதலாவது நெறி இதுவே. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் இணையத்தளத்தில் மாற்றுரை முதலியன இல்லையென விழிப்புலனற்றவரான புரூஸ் மகுவைர் முறைப்பாடு செய்து வென்றார். ஏற்பாட்டாளர் 20,000 அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. ஒரு நிறுவனம், ஓர் இணையத்தளம் என்ற நிலையிற் பொறுப்பாளி யாரென்பது தெளிவாயிருந்தது.

சமூக ஊடகங்கள் இத்தெளிவைக் குலைத்தன. 2004 இல் முகநூலும் 2006 இல் ருவிற்றரும் தோன்றின. 140 எழுத்துருக்களுக்குட்பட்ட வெறும் எழுத்தாக இருந்தமையால் ருவிற்றர் விழிப்புலனற்றோர் பலருக்கு உவப்பான இடமாயிற்று. பின்னர் ஊடகங்கள் யாவும் படத்தை நோக்கி நகர்ந்தன. இங்கே பதிப்பாளர் எவருமில்லை. கோடிக்கணக்கான மக்களே பதிப்பாளர். ஆகவே மாற்றுரை எழுதும் பொறுப்பும் கோடிக்கணக்கானோரிடம் சிதறிப்போயிற்று.

2016 ஆம் ஆண்டு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. ருவிற்றர் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மாற்றுரை எழுதும் வசதியை வழங்கியது. ஆனால் அமைப்புகளுக்குள் தேடிச்சென்று இயக்குவோருக்கே அது கிடைத்தது. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட படப்பதிவுகளை ஆராய்ந்து 2019 இல் வெளியிட்ட முடிவின்படி, மாற்றுரை கொண்டவை 0.1 சதவீதமே, அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. கதவு இருந்தது, அதனைத் திறந்தவர் மிகச் சிலரே.

முகநூல் வேறொரு வழியை நாடியது. விழிப்புலனற்ற பொறியியலாளரான மற் கிங் பங்குகொண்ட முயற்சியின் பயனாக, 2016 ஏப்பிரலில் இயந்திரமே படத்தை இனங்கண்டு விவரிக்கும் முறை அறிமுகமாயிற்று. முதலில் ஏறத்தாழ நூறு பொருள்களையும், 2021 அளவில் 1,200 இற்கு மேற்பட்டவற்றையும் அது இனங்கண்டது. 2018 இல் இன்ஸ்ரகிராமும் இவ்வழியிற் சென்றது. ‘படத்தில் இருக்கக்கூடியவை: மூவர், புன்னகை, வெளியிடம்’ என்றவாறு அவ்விவரணம் அமைந்தது. ஒன்றுமில்லாமைக்கு இது மேலானதே. ஆயினும் அம்மூவர் யாவர், எதற்காக நகைக்கின்றனர், நண்பர் ஏன் அப்படத்தைப் பகிர்ந்தார் என்பவற்றை அது கூறாது.

பெற்ற வசதி நிலையானதென்றும் கொள்வதற்கில்லை. 2020 இல் ருவிற்றர் அணுகல் வசதிக்கெனத் தனிக் குழுக்களை அமைத்தது. 2022 இல் உரிமையாளர் மாறியதும் நவம்பரில் அவ்வமைப்பினர் பணிநீக்கப்பட்டனர். 2023 சனவரியில் வெளியார் ஆக்கிய செயலிகள் தடுக்கப்பட்டபோது, அவற்றினூடாகவே அவ்வூடகத்தைப் பயன்படுத்திய விழிப்புலனற்றோர் வழியிழந்தனர். அவ்வாண்டு நடுப்பகுதியில் றெடிற் நிறுவனம் வெளியார் செயலிகளுக்குக் கட்டணம் விதிக்க முற்பட்டபோது, விழிப்புலனற்றோரின் எதிர்ப்பினால், அணுகல் வசதிக்கான இலாபநோக்கற்ற செயலிகளுக்கு விலக்களிக்க நேர்ந்தது. 1840களிற் பாரிஸ் பாடசாலையில் நிகழ்ந்ததும் இதுவும் தன்மையில் ஒன்றே. வாசிப்போரின் வழியை வாசிக்க வேண்டிய தேவையற்றோரே தீர்மானித்தனர்.

எமது மொழியில் இப்பிரச்சினை மேலும் சிக்கலானது. ஈழத்துத் தமிழ் அச்சுலகிலும் அலுவலகங்களிலும் ‘பாமினி’ எழுத்துரு நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. அம்முறையில் ‘தமிழ்’ என்னும் சொல் கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமேயாகும். எம் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது வாசிப்பானின் செவியில் பொருளற்ற ஒலிக்கோவையாகின்றது. ஒருங்குறியல்லாத அவ்வெழுத்து சமூக ஊடகங்களிலும் சரிவரத் தோன்றாமையால், அறிவித்தல்களைப் படமாக்கி வெளியிடும் பழக்கம் வேரூன்றியது. மரண அறிவித்தல், கூட்ட அழைப்பு, பரீட்சை அட்டவணை யாவும் படங்களாகவே உலவுகின்றன. வாசிப்பான் அவற்றை எதிர்கொள்ளும்போது ‘படம்’ என்ற ஒரு சொல்லை மட்டுமே பெரும்பாலும் கூறுகின்றது.

இதனை நான் நூலில் வாசித்து அறியவில்லை. விரிவுரையொன்றின் இடமாற்றத்தைப் பலகையிற் கண்டு, அதனைப் படம்பிடித்து எமது வட்ஸ்அப் குழுவில் இட்டவன் நானே. குழுவில் உள்ள விழிப்புலனற்ற நண்பர் மறுநாள் பழைய மண்டபத்தின் பூட்டிய கதவருகே நெடுநேரம் நின்றிருக்கிறார். ‘படமொன்று வந்தது தெரியும்; ஏதோ வாழ்த்து மடலென்று நினைத்துவிட்டேன்’ என்று அவர் பின்னர் கூறினார். ஒரு வரி தட்டச்சு செய்ய எனக்கு அரை நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

செயற்கை நுண்ணறிவு இப்பிரச்சினையை முற்றாகத் தீர்த்துவிடும் எனச் சிலர் வாதிடலாம். 2023 முதல், படத்தைப் பற்றி வினவினால் நீண்ட விடை தரும் கருவிகள் விழிப்புலனற்றோரின் கைக்கு எட்டத் தொடங்கியுள்ளன. அவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் அவை பிழைபடவும் கூடும். பிழையைச் சரிபார்க்கும் கண் வாசிப்பவரிடம் இல்லை. படத்தைப் பகிர்ந்தவரின் கருத்தை அறிந்தவர் பகிர்ந்தவரேயன்றி வேறெவருமல்லர்.

இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தையும் அணுகும் உரிமைக்குள் அடக்குகின்றது. சட்டங்கள் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தலாம். எமது அன்றாடப் பதிவுகளுக்கு அவை காவல் நிற்க மாட்டா. எனவே சமூக ஊடகங்கள் விழிப்புலனற்றோருக்கு அணுகத்தக்கனவா என்ற வினாவுக்கு விடை இரண்டாகப் பிரிகின்றது. கருவியளவில் அவை முன்னெக்காலத்தினும் அணுகத்தக்கனவே. வழக்கத்தில் அவை இன்னும் பெரும்பாலும் மூடியே கிடக்கின்றன. மூடியிருப்போருள் நாமும் அடங்குவோம். அறிவித்தல்களை ஒருங்குறி எழுத்தில் இடுவதும், படத்தோடு ஒரு வரி விளக்கம் சேர்ப்பதும் எமது சங்கங்களும் மாணவர் குழுக்களும் இன்றே மேற்கொள்ளக்கூடிய செயல்களாகும். பிரெயிலின் ஆறு புள்ளிகளை ஏற்கப் பாரிஸ் பாடசாலை ஆண்டுகள் பல தாமதித்தது. எமக்கு அத்தகைய தாமதத்துக்கு நியாயம் எதுவுமில்லை.